மறுவிற்பனைச் சான்றும் சிறு வணிகரும்: சி படிவம் முதல் சரக்கு, சேவை வரிப் பதிவு வரை

விற்பனை வரி என்பது நுகர்வோர் மீது விழ வேண்டிய வரியாகும். ஆனால் அதனை வசூலித்துத் தருபவர் வணிகர். உற்பத்தியாளரின் கிடங்கிலிருந்து புறப்படும் பொருள் ஒன்று, மொத்த வணிகர், சில்லறை வணிகர் எனப் பல கைகள் மாறிய பின்னரே வீட்டைச் சென்றடைகின்றது. இவ்வாறு கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி விதிக்கப்படுமாயின் விளைவு என்ன? 100 ரூபாய்ப் பொருள் ஒன்று மூன்று முறை விற்கப்படுவதாகவும், ஒவ்வொரு முறையும் 5 சதவீத வரி விதிக்கப்படுவதாகவும், எவரும் ஒரு பைசா இலாபமும் சேர்க்கவில்லை என்றும் கொள்வோம். முதல் விற்பனையில் விலை 105 ரூபாய். இரண்டாவதில் 110 ரூபாய் 25 காசு. மூன்றாவதில் ஏறத்தாழ 115 ரூபாய் 76 காசு. சட்டப் புத்தகத்தில் உள்ள விகிதம் 5. நுகர்வோர் செலுத்துவதோ 15க்கும் மேல்.

இச்சுமை அனைவர் மீதும் ஒரே அளவில் விழுவதன்று என்பதே பொருளியல் மாணவர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டுவது. நூற்பு முதல் சில்லறை விற்பனை வரை எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திற்குள் வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய தொழிலதிபருக்கு ஒரே ஒரு விற்பனைதான் நிகழ்கின்றது. ஆகவே ஒரு முறைதான் வரி. பிறரிடம் வாங்கிப் பிறருக்கு விற்றுப் பிழைக்கும் சிறு வணிகருக்கோ ஒவ்வொரு படியிலும் வரி. அவர் திறமைக் குறைவால் அன்று, வரியின் அமைப்பினாலேயே சந்தையிலிருந்து விலக்கப்படுகின்றார். மறுவிற்பனைக்காக வாங்கும் பொருளுக்கு வரி நீக்கம் அளிக்கும் ஏற்பாடு உலகெங்கும் விற்பனை வரிச் சட்டங்களில் இடம்பெற்றதன் காரணம் இதுவே. அது வணிகருக்குக் காட்டப்படும் சலுகை என்று கருதுவோர் அதிகாரிகளிடையேயும் உளர். அக்கருத்து சரியன்று. நுகர்வோர் வரி நுகர்வோர் மீதே விழுவதற்கு அது இன்றியமையாத உறுப்பாகும்.

இரு வழிகள்

இந்நீக்கத்தை அளிக்க இரு வழிகள் உள. முதல் வழியில், வாங்கும் வணிகர், 'இப்பொருளை யான் மறுவிற்பனைக்காகவே வாங்குகின்றேன்' என்று ஒரு சான்று அல்லது உறுதியுரையை விற்பவரிடம் அளிக்கின்றார். அதனைப் பெற்றுக்கொண்ட விற்பனையாளர் வரி வசூலிப்பதில்லை, அல்லது குறைந்த வரியே வசூலிக்கின்றார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் விற்பனை வரி விதிக்கும் 45 மாநிலங்களிலும் இன்றும் நடைமுறையில் உள்ள மறுவிற்பனைச் சான்று இவ்வகையினது. இரண்டாம் வழியில், விற்பவர் முழு வரியையும் வசூலித்துவிடுகின்றார். வாங்கியவர் தாம் பின்னர் விற்கும்போது செலுத்த வேண்டிய வரியிலிருந்து அதனைக் கழித்துக்கொள்கின்றார். மதிப்புக் கூட்டு வரியும், இன்றைய சரக்கு, சேவை வரியும் இவ்வகையைச் சார்ந்தவை.

கணக்கில் இவ்விரண்டும் ஒரே இடத்திற்கே கொண்டுசேர்க்கின்றன. நடைமுறையில் அவ்வாறில்லை. வாங்கும்போதே வரியாகப் பணம் முடங்குகின்றதா, தவறு நேர்ந்தால் இழப்பு விற்றவரைச் சேருமா வாங்கியவரைச் சேருமா என்னும் இரு வினாக்களுக்கும் இவ்விரு முறைகள் தரும் விடைகள் நேர்மாறானவை. சிறு முதலில் தொழில் நடத்துவோருக்கு இவை ஏட்டு வினாக்கள் அல்ல.

இந்தியாவில் மறுவிற்பனைச் சான்று

பொது விற்பனை வரியை இந்தியாவில் முதன்முதலில் விதித்தது சென்னை மாகாணம். 1939ஆம் ஆண்டு இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சட்டம் பல முனை வரியை அடிப்படையாகக் கொண்டது. விகிதம் மிகக் குறைவாக இருந்தமையால் மறுவிற்பனைச் சான்றுக்கு அதில் அவ்வளவாகத் தேவை எழவில்லை. வங்காளம் 1941ஆம் ஆண்டில் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. பதிவு பெற்ற வணிகர்களுக்கிடையே நிகழும் விற்பனைகளை விடுத்து, பதிவு பெறாதவருக்கு, அதாவது பெரும்பாலும் நுகர்வோருக்கு, விற்கும் இறுதிக் கட்டத்தில் வரி விதித்தது அச்சட்டம். பதிவு பெற்ற வணிகர் மறுவிற்பனைக்காக வாங்குவதாக உறுதியுரை அளித்தால், விற்றவர் அத்தொகையைத் தம் வரிக்குரிய விற்றுமுதலிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இச்சட்டமே 1951இல் டில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பின்னர் 1975இல் டில்லிக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டபோதும் கொள்கை மாறவில்லை, 'எஸ்.டி.-1' என்னும் படிவம் மறுவிற்பனைச் சான்றின் பணியைச் செய்தது. சதர் பஜாரிலும் சாந்தினி சௌக்கிலும் மொத்த வணிகம் செய்தோருக்கு அப்படிவக் கட்டு, காசோலைப் புத்தகத்திற்கு நிகரான மதிப்புடையதாக இருந்தது.

மாநில எல்லையைக் கடக்கும் விற்பனைகளுக்கு எந்த மாநிலம் வரி விதிப்பது என்பது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் எழுந்த சிக்கலாகும். பம்பாய் அரசு எதிர் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில் 1953இலும், பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் 1955இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் ஒன்றற்கொன்று மாறுபட்டன. வேறு மாநிலத்தில் உள்ள வணிகர் மீது ஒரு மாநிலம் வரி விதிக்கலாம் என்றது முன்னது. கூடாது என்றது பின்னது. டாக்டர் ஜான் மத்தாய் தலைமையிலான வரி விசாரணைக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1956இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமும், அதனைத் தொடர்ந்து மத்திய விற்பனை வரிச் சட்டமும் நிறைவேற்றப்பட்டன. மாநிலங்களுக்கிடையிலான விற்பனை மீதான வரியைச் சட்டமாக்குவது நாடாளுமன்றம். வசூலித்து வைத்துக்கொள்வது பொருள் புறப்படும் மாநிலம்.

அச்சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் உருவானதே 'சி' படிவம். வேறு மாநிலத்தில் உள்ள பதிவு பெற்ற வணிகர் மறுவிற்பனைக்காகவோ, விற்பனைக்குரிய பொருளின் உற்பத்திக்காகவோ வாங்கும்போது இப்படிவத்தை அளித்தால் குறைந்த விகித வரியே உண்டு. தொடக்கத்தில் 1 சதவீதமாக இருந்த அவ்விகிதம் 1963இல் 2 ஆகவும், 1966இல் 3 ஆகவும், 1975 ஜூலையில் 4 ஆகவும் உயர்ந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் அந்நிலையிலேயே நின்று, 2007 ஏப்ரலில் 3 ஆகவும் 2008 ஜூனில் 2 ஆகவும் குறைந்தது.

சி படிவத்தைப் பெறும் முறை

இன்று பெரும்பாலும் வரலாறாகிவிட்ட இம்முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. இன்றைய பதிவு விதிகள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது.

மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், உத்தரப் பிரதேசத்து அலிகரில் செய்யப்படும் பூட்டுகளை வாங்கி விற்க விரும்புகின்றார் என்று கொள்வோம். அவர் வேறு மாநிலத்திற்கு எதனையும் விற்பதில்லை, வாங்குவது மட்டுமே. ஆகவே மத்தியச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற அவருக்குக் கட்டாயமில்லை. ஆயினும் மாநிலச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர் தாமே விரும்பி மத்தியப் பதிவும் பெறலாம் என 7ஆவது பிரிவு இடமளித்தது. சி படிவம் வேண்டியோர் இவ்வாறு பெற்றனர். 'ஏ' படிவத்தில் விண்ணப்பமும், 25 ரூபாய்க் கட்டணமும், அதிகாரி கேட்குமிடத்துப் பிணையும் அளித்த பின், 'பி' படிவத்தில் பதிவுச் சான்றிதழ் வழங்கப்பெறும்.

இச்சான்றிதழில் எப்பொருள்களை மறுவிற்பனைக்காக வாங்கலாம் என்னும் பட்டியல் இருக்கும். விண்ணப்பிக்கும் வணிகர் மிகவும் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவாக இருந்தது. மிகக் குறைந்த கவனம் செலுத்தப்பட்ட இடமும் இதுவே. பூட்டு என்று மட்டும் எழுதியவர் பின்னர் கதவுக் கீலுக்கும் சி படிவம் அளித்துவிட்டால், பட்டியலில் இல்லாத பொருளைப் பட்டியலில் உள்ளதாகக் கூறி வாங்கிய குற்றம் அவரைச் சாரும். 10ஆவது பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்தது. வழக்குத் தொடர்வதற்குப் பதிலாக வரித் தொகையின் ஒன்றரை மடங்கு வரை அபராதம் விதிக்க 10-அ பிரிவு இடமளித்தது. புதிய பொருளில் வணிகம் தொடங்குமுன் சான்றிதழைத் திருத்திக்கொள்வது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை. அதைச் செய்யாது விட்டுப் பல்லாயிரம் ரூபாய் அபராதம் கட்டியோர் பலர்.

சி படிவம் மூன்று பகுதிகளைக் கொண்டது. வாங்குபவர் தம் மாநில வரி அலுவலகத்தில் வெற்றுப் படிவங்களைப் பெற்று, நிரப்பிக் கையொப்பமிட்டு, அடிக்கட்டையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மூலத்தையும் இரண்டாம் படியையும் விற்பவருக்கு அனுப்புவார். விற்பவர் மூலத்தைத் தம் மாநில வரி அதிகாரியிடம் சமர்ப்பித்து, இரண்டாம் படியை வைத்துக்கொள்வார்.

படிவம் வந்து சேரவில்லையெனில் என்ன ஆகும்? 1980ஆம் ஆண்டுக் கணக்கில் பார்ப்போம். 1,00,000 ரூபாய்ச் சரக்குக்கு, பொது விதி பொருந்துமாயின், சி படிவத்துடன் வரி 4,000 ரூபாய். படிவம் இல்லையேல் 10 சதவீதம் அல்லது உள்மாநில விகிதம், இவற்றுள் எது அதிகமோ அது. அதாவது குறைந்தது 10,000 ரூபாய். வேறுபாடு 6,000 ரூபாய். 5 சதவீத இலாபத்தில் தொழில் செய்யும் அலிகர் சிறு உற்பத்தியாளர் ஈட்டியதே 5,000 ரூபாய்தான். தாம் செய்யாத தவறுக்காக அவர் இலாபம் முழுவதையும் இழந்து, கைமுதலிலிருந்தும் 1,000 ரூபாய் செலுத்த வேண்டியவராகின்றார்.

நீதிமன்றங்களும் இதில் நெகிழ்வு காட்டவில்லை. கேதார்நாத் சணல் நிறுவன வழக்கில், வங்காளச் சட்டத்தின் கீழான உறுதியுரைப் படிவத்தைத் தாக்கல் செய்தாலன்றிக் கழிவு இல்லை என்று 1965இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இந்தியா ஏஜென்சீஸ் வழக்கில் இன்னும் ஒரு படி சென்று, சி படிவத்தின் மூலத்தையே தாக்கல் செய்ய வேண்டும், இரண்டாம் படி போதாது என்றது. போலிப் படிவங்கள் புழங்கிய நாட்டில் இக்கண்டிப்பு காரணமற்றதன்று. எனினும், விற்பனை உண்மையாகவே நிகழ்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லாத இடங்களிலும், ஒரு தாள் அஞ்சலில் தொலைந்தமைக்காக வரி விதிக்கப்பட்டது.

படிவத்தை வழங்கும் அலுவலகம் ஒரு மாநிலத்தில். அது வாராவிடின் துன்புறுபவர் மற்றொரு மாநிலத்தில். வாங்குபவர் தம் கணக்கறிக்கையைத் தாக்கல் செய்யவில்லை, பழைய நிலுவை உண்டு என்று காரணம் காட்டி அலுவலர் படிவம் தர மறுப்பார். நிலுவையை வசூலிக்க அது எளிய வழியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த அழுத்தம் நிலுவைக்காரரைவிட, அயல் மாநிலத்தில் இருந்த விற்பனையாளர் மீதே மிகுதியாக விழுந்தது. ஆண்டிறுதியில் படிவம் திரட்டுவதற்கென்றே ஊர் ஊராக ஆள் அனுப்பிய நிறுவனங்களை இக்கட்டுரையாளர் அறிவார். சிறு உற்பத்தியாளருக்கு அதற்கு ஆள் ஏது? விலையிலேயே ஒரு வைப்புத் தொகையைச் சேர்த்து வாங்கி, படிவம் வந்ததும் திருப்பித் தருவது ஒன்றே அவர் கண்ட வழி.

கழிவு முறைக்கு மாற்றம்

ஹரியானா 2003இலும், பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரல் முதல் நாளிலும், தமிழ்நாடு 2007 ஜனவரியிலும், இறுதியாக உத்தரப் பிரதேசம் 2008 ஜனவரியிலும் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறின. உள்மாநில மறுவிற்பனைப் படிவங்கள் இதனால் தேவையற்றுப் போயின. ஆனால் மாநிலங்களுக்கிடையே சி படிவம் நீடித்தது. அதன் கீழ்ச் செலுத்திய வரிக்கு வாங்கும் மாநிலத்தில் கழிவும் இல்லை. அரசியலமைப்பின் 101ஆவது திருத்தத்தின் வழியே 2017 ஜூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதுதான் இக்குறை நீங்கியது.

நம் ஜபல்பூர் வணிகரை இன்றைய நிலையில் வைத்துப் பார்ப்போம். பூட்டுக்கு வரி 18 சதவீதம். அலிகரிலிருந்து 1,00,000 ரூபாய்ச் சரக்கை வாங்கும்போது ஒருங்கிணைந்த வரியாக 18,000 ரூபாய் சேர்த்து 1,18,000 ரூபாய் செலுத்துகின்றார். அதனை 1,15,000 ரூபாய்க்கு உள்ளூரில் விற்கும்போது மத்திய வரி 10,350, மாநில வரி 10,350, ஆக 20,700 ரூபாய் வசூலிக்கின்றார். முன்னர்ச் செலுத்திய 18,000 ரூபாயைக் கழித்து 2,700 ரூபாயை அரசுக்குச் செலுத்துகின்றார். அவர் கூட்டிய மதிப்பு 15,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் 2,700 ரூபாய். கணக்கு பிசகின்றிப் பொருந்துகின்றது.

ஆனால் சரக்கு விற்றுத் தீரும் வரை 18,000 ரூபாய் அவருடைய கைமுதலிலிருந்து முடங்கிக் கிடக்கின்றது என்பதையும் மாணவர் நோக்க வேண்டும். சி படிவக் காலத்தில் இவ்வாறு முடங்கியது 4,000 ரூபாய், பின்னர் 2,000 ரூபாய். அது திரும்பாத வரி. இது கழிந்துபோகும் வரி. எனினும் மூன்று மாதச் சரக்கைக் கடன் வாங்கிக் கடையில் அடுக்குபவருக்கு வட்டி வட்டியே.

இன்றைய பதிவு: எவருக்கு, எவ்வாறு

இன்று மறுவிற்பனைச் சான்று என்று தனியே ஏதுமில்லை. பதிவுச் சான்றிதழே அப்பணியையும் செய்கின்றது. அஃதில்லாதவர் மறுவிற்பனைக்கே வாங்கினாலும் வரியளவில் நுகர்வோராகவே கருதப்படுவார். செலுத்திய வரி அவருடைய அடக்க விலையில் சேர்ந்துவிடும்.

பொருள் விற்பனை மட்டும், அதுவும் தம் மாநிலத்திற்குள் மட்டும் செய்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போதே பதிவு கட்டாயமாகின்றது. 2019 ஏப்ரல் முதல் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட வரம்பு இது. சில மாநிலங்கள் பழைய 20 இலட்சத்திலேயே நிற்கின்றன. சேவை அளிப்போருக்கு 20 இலட்சம். சில சிறப்பு மாநிலங்களில் 10 இலட்சம். வேறு மாநிலத்திற்குப் பொருளை விற்பவருக்குப் பொதுவாக இவ்வரம்பு எதுவும் இல்லை. முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வாங்குவதற்கு இவ்விதி இல்லை. இவ்வேறுபாட்டை அறியாது அஞ்சுவோர் சிறு வணிகரிடையே மிகுதி.

விண்ணப்பம் 'ஆர்.இ.ஜி.-01' படிவத்தில், சரக்கு, சேவை வரி இணையதளத்திலேயே அளிக்கப்பட வேண்டும். கட்டணம் ஏதுமில்லை. கட்டணம் என்று கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகர் தமது கூலியையே கேட்கின்றார் என்று அறிக. பான் எண், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை முதலில் சரிபார்க்கப்படும். அடுத்து வணிகத்தின் அமைப்பு, முதன்மை இடம், விற்கும் முக்கியப் பொருள்கள், உரிமையாளரின் புகைப்படம் ஆகியவை. சொந்தக் கட்டடமாயின் மின்கட்டணச் சீட்டு, சொத்துவரி இரசீது போன்றவற்றுள் ஒன்று போதும். வாடகை இடமாயின் ஒப்பந்தமும், உரிமையாளருடைய உடைமைக்கான சான்று ஒன்றும் வேண்டும். ஆதார் வழி அடையாளம் உறுதிப்படுத்துவது நன்று. அதனைச் செய்து, ஐயத்திற்கு இடமின்றி இருப்பின் 7 வேலை நாட்களில் பதிவு கிடைக்கும். செய்யாவிடில் இடத்தை நேரில் பார்வையிட்ட பின்னர் 30 நாட்கள் வரை ஆகலாம்.

விண்ணப்பத்தில் குறை கண்டால் அதிகாரி 'ஆர்.இ.ஜி.-03' படிவத்தில் விளக்கம் கேட்பார். வணிகர் 7 வேலை நாட்களுக்குள் '04' படிவத்தில் மறுமொழி தர வேண்டும். இதனைத் தவறவிட்டே பல விண்ணப்பங்கள் தள்ளுபடியாகின்றன. விண்ணப்பத்தில் தரகரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, வினா வந்ததையே அறியாதிருந்தோர் உண்டு. தம் சொந்த எண்ணையே தருவது தலையாய எச்சரிக்கை. மறுபுறம், தேவையற்ற ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பதாரரை அலைக்கழிக்கும் வழக்கமும் இருந்தது. இதனைத் தடுக்க மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் 2025 ஏப்ரல் 17ஆம் நாள் அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டது. விண்ணப்பதாரர் வேறு ஊரில் குடியிருப்பவர் என்பது போன்ற ஊகங்களை வைத்துக் கேள்வி எழுப்பலாகாது என்று அது தெளிவாகக் கூறுகின்றது. பதிவுப் பிரிவில் பணியாற்றும் அலுவலர் அதனை மேசை மீதே வைத்துக்கொள்வது நன்று.

2025 நவம்பர் முதல் நாள் தொடங்கி, பதிவு பெற்றவர்களுக்கு விற்பதன் மீதான வரி மாதம் இரண்டரை இலட்சம் ரூபாயைத் தாண்டாது என்று தாமே கணித்து அறிவிக்கும் சிறு வணிகர், ஆதார் உறுதிப்பாட்டுடன், 3 வேலை நாட்களில் பதிவு பெறும் எளிய முறையும் உண்டு.

வழங்கப்பெறும் எண் 15 இலக்கங்களைக் கொண்டது. முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்; மத்தியப் பிரதேசத்திற்கு 23, உத்தரப் பிரதேசத்திற்கு 09. அடுத்த பத்தும் பான் எண். இதனை அறிந்த வணிகர், தமக்கு விற்பவரின் விலைப்பட்டியலில் உள்ள எண் அவர் மாநிலத்தோடு பொருந்துகின்றதா என்று ஒரு பார்வையிலேயே காணலாம். எண் நடப்பில் உள்ளதா என்பதை இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சான்றிதழைக் கடையில் பிறர் பார்வையில் படுமாறு வைக்க வேண்டும் என்பதும் விதி.

பதிவுக்குக் கடப்பாடு ஏற்பட்ட 30 நாட்களுக்குள் விண்ணப்பிப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. பலர் இதனைக் கேட்டுப் பெறுவதில்லை. கடப்பாடு ஏற்பட்ட நாளுக்கு முன்தினம் கடையில் இருப்பில் இருந்த சரக்குக்குச் செலுத்திய வரியையும் அவர் கழித்துக்கொள்ளலாம். தாமே விரும்பிப் பதிவு பெறுவோருக்குப் பதிவு கிடைத்த நாளின் முன்தின இருப்பு கணக்காகும். விலைப்பட்டியல் ஓராண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது, 'ஐ.டி.சி.-01' என்னும் அறிக்கையையும் 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே பதிவுக்கு முன்னரே, கொள்முதல் பட்டியல்களைக் கோத்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

இணக்க வரியா, முழு வரியா?

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ள வணிகர், முழு முறைக்கு மாறாக இணக்க வரியைத் தேர்ந்துகொள்ளலாம். பொருள் வணிகருக்கு அது விற்றுமுதலில் 1 சதவீதம். ஆனால் வாங்கியதற்குக் கழிவு கிடையாது. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியே வசூலிக்கலாகாது. வேறு மாநிலத்திற்கு விற்கவும் கூடாது. வேறு மாநிலத்திலிருந்து வாங்கத் தடையில்லை.

முன்னைய எடுத்துக்காட்டையே கொண்டால், முழு முறையில் நுகர்வோர் செலுத்தும் விலை 1,35,700 ரூபாய். இணக்க முறையில் அடக்கம் 1,18,000, அதே 15,000 இலாபம், 1 சதவீத வரி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,34,350 ரூபாய். வீட்டுக்காரருக்கு ஒன்றிரண்டு பூட்டு விற்பவருக்கு இணக்க முறை சற்று ஆதாயமே. கணக்கு வேலையும் குறைவு. ஆனால் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் பிற கடைக்காரர்களுக்கும் விற்பவராயின், அவர்கள் இவரிடமிருந்து கழிவு பெற இயலாமையால் வேறு கடையை நாடுவர். வாங்குவோர் பதிவு பெற்றவரா அல்லரா என்பதைப் பார்த்தே இம்முடிவு செய்யப்பட வேண்டும். விற்றுமுதலின் அளவை மட்டும் பார்த்து ஆலோசனை கூறும் கணக்கர்கள் பாதியைத்தான் பார்க்கின்றனர்.

இடர் இடம் மாறியது

சி படிவக் காலத்தில் வாங்கியவர் தவறினால் விற்றவர் துன்புற்றார். இன்று விற்றவர் தவறினால் வாங்கியவர் துன்புறுகின்றார். கழிவு பெறுவதற்குச் சட்டத்தின் 16ஆவது பிரிவு விதிக்கும் நிபந்தனைகளை நோக்குக. விலைப்பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். சரக்கு வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். விற்றவர் அதனைத் தம் அறிக்கையில் காட்டியிருத்தல் வேண்டும். அவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருத்தலும் வேண்டும். விற்றவர் காட்டியவையே வாங்கியவரின் '2பி' அறிக்கையில் மாதந்தோறும் 14ஆம் நாள் தோன்றுகின்றன. 2022 ஜனவரி முதல், அதில் இல்லாத பட்டியலுக்குக் கழிவு இல்லை. விற்றவருக்கு 180 நாட்களுக்குள் பணம் தராவிடில் பெற்ற கழிவையும் வட்டியுடன் திருப்ப வேண்டும்.

நேர்மையாக வரி செலுத்தி வாங்கிய ஒருவர், விற்றவர் அரசை ஏமாற்றினார் என்பதற்காக இரண்டாம் முறை செலுத்துவது முறையா? முதலில் விற்றவரிடமே வசூலிக்க முயல வேண்டும் என்று 2021இல் டி.ஒய். பெத்தேல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. வேறு தீர்ப்புகள் இவ்வளவு பரிவு காட்டவில்லை. கர்நாடக மதிப்புக் கூட்டு வரி தொடர்பான ஈகாம் கில் காபி வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விலைப்பட்டியலும் காசோலையும் மட்டும் போதா, சரக்கு உண்மையில் இடம் பெயர்ந்தது என்பதை வாங்கியவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. லாரிச் சத்த இரசீது, வண்டி எண், சரக்கு பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை ஆகியவை இதனால் வரி ஆவணங்களாகிவிட்டன. கடைப்பையன் கையொப்பமிட்டுக் குப்பைக் கூடையில் எறிந்த சீட்டு, மூன்றாண்டுகளுக்குப் பின் 18,000 ரூபாய்க்கு விடையாகக்கூடும்.

பொருளியல் நோக்கில் இம்மாற்றத்தை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவரிடம் இருப்பதால், ஒழுங்கற்றவரை விலக்கும் ஆற்றலும் அவரிடம் உண்டு. எனினும் அந்த ஆற்றல் பெரிய நிறுவனத்திற்கு உள்ள அளவு சிறு கடைக்காரருக்கு இல்லை. அலிகரில் தமக்குக் கடனுக்குச் சரக்குத் தரும் ஒரே மொத்த வணிகரிடம், 'உம் அறிக்கையை முதலில் தாக்கல் செய்யும்' என்று அவர் எவ்வாறு கூறுவார்? வரிப் பகுதியை மட்டும் '2பி'யில் தோன்றிய பின் தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் சில சந்தைகளில் உள்ளது. முன்னாளில் சி படிவத்திற்காக விற்றவர் வைப்புத் தொகை பிடித்தது போலவே இன்று வாங்கியவர் பிடித்து வைக்கின்றார்.

எஞ்சி நிற்கும் இரு சான்றுகள்

சி படிவம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கச்சா எண்ணெய், டீசல், பெட்ரோல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகியவையும், மனிதர் அருந்தும் மதுவும் சரக்கு, சேவை வரிக்கு வெளியே நிற்பதால், இவற்றுக்கு மத்திய விற்பனை வரிச் சட்டமே பொருந்துகின்றது. சுரங்க நிறுவனங்கள் முதலியன தம் பயன்பாட்டுக்கான டீசலைச் சி படிவத்தின் மீது 2 சதவீத வரியில் வேறு மாநிலத்திலிருந்து வாங்கிவந்தமையால் வருவாய் இழந்த மாநிலங்கள் முறையிட்டன. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம், இப்பொருள்களை மறுவிற்பனை செய்வோருக்கும், இப்பொருள்களையே உற்பத்தி செய்வோருக்கும் மட்டும் அவ்வுரிமையைச் சுருக்கியது.

மற்றொன்று ஏற்றுமதி வணிகருக்கு உரியது. உள்நாட்டில் வாங்கி வெளிநாட்டுக்கு விற்பவர், 2017 அக்டோபர் 23ஆம் நாள் அறிவிக்கை ஒன்றின்படி, மொத்தம் 0.1 சதவீத வரியில் சரக்கைப் பெறலாம். விற்பவர் விலைப்பட்டியல் தந்த 90 நாட்களுக்குள் சரக்கு ஏற்றுமதியாக வேண்டும். ஏற்றுமதி ஆவணத்தில் விற்றவரின் பதிவு எண்ணும் பட்டியல் எண்ணும் இடம்பெற வேண்டும். அவ்வாவணத்தின் படி விற்றவருக்கும் அவருடைய வரி அதிகாரிக்கும் அனுப்பப்பட வேண்டும். 90 நாள் கடந்தால் இக்குறைந்த விகிதம் கிட்டாது. முழு வரிக்கு ஆளாகுபவர் விற்ற சிறு உற்பத்தியாளரே. ஆதலின் இவ்விகிதத்தில் விற்க இசைபவர், சரக்கு புறப்பட்ட நாளைத் தம் நாட்குறிப்பில் எழுதி, இரண்டாம் மாத முடிவிலேயே ஏற்றுமதி ஆவணத்தைக் கேட்கத் தொடங்க வேண்டும்.